ஆழ்கடலைத் தேடிய ஆசிரியர் – ஜோன் பிலிப் ஹொலன்ட்

நீர்மூழ்கிக் கப்பல் என்றதும் நம் மனக்கண் முன் வருவது பெரிய வல்லரசுகளின் கடற்படையும், கோடிக்கணக்கான பணமும், நூற்றுக்கணக்கான பொறியியலாளருமே. ஆனால், நீருக்கடியில் நம்பி ஓடக்கூடிய கலத்திற்கு முதன்முதல் நல்லுருவம் கொடுத்தவர் கடற்படை அதிகாரி அல்லர். பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவரும் அல்லர். பதினைந்து ஆண்டுகள் துறவறச் சகோதரராகவும், பின்னர் ஒரு பங்குப் பாடசாலையின் ஆசிரியராகவும் இருந்து, சிறுவர்களுக்கு எண்கணிதமும் இசையும் சொல்லிக்கொடுத்த ஓர் ஏழை அயர்லாந்துக்காரர் அவர். மூக்குக் கண்ணாடி இல்லாமல் எதிரே வருபவரை இனங்காண முடியாத அளவுக்குப் பார்வை குறைந்தவர். ஓய்வு நேரத்தில் கரித்துண்டும் காகிதமுமாகத் தொடங்கிய ஓர் ஆசை, நாற்பது ஆண்டு உழைப்பின்பின் உலகக் கடல்களின் வரலாற்றையே மாற்றிற்று. அது மாற்றிய விதம் அவருக்கு மகிழ்ச்சி தந்திருக்குமா என்பது வேறு கேள்வி. அதை இறுதியில் பார்ப்போம்.

பஞ்சம் கண்ட பிள்ளை

ஜோன் பிலிப் ஹொலன்ட் 1841ஆம் ஆண்டு அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேயர் மாகாணத்திலுள்ள லிஸ்கனர் என்னும் மீனவக் கிராமத்தில் பிறந்தார். வாசலைத் திறந்தால் அத்திலாந்திக் சமுத்திரம். தந்தையார் பிரித்தானிய அரசின் கரையோரக் காவற்படையில் ஊழியம் செய்தவர். தாயார் ஐரிஷ் மொழி பேசுபவர். பிள்ளைகளும் வீட்டிலே அம்மொழியையே பேசி வளர்ந்தனர். ஜோன் ஆங்கிலத்தைச் சரிவரக் கற்றது பாடசாலைக்குப் போன பிறகுதான்.

அவருக்கு நான்கு வயதானபோது, 1845இல், அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. ஏழைக் குடியானவனுக்கு அதுவே சோறும் கறியும். அடுத்தடுத்த ஆண்டுகளில் பட்டினியாலும் காய்ச்சலாலும் ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். இன்னும் பத்து இலட்சம் பேர் வரையில் கப்பலேறி நாட்டை விட்டுப் போயினர். அதே காலத்தில் தானியமும் கால்நடையும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. தந்தையின் அரசாங்கச் சம்பளம் ஹொலன்ட் குடும்பத்தைப் பட்டினியிலிருந்து காத்தது. ஆயினும் பஞ்சத்தைத் தொடர்ந்து வந்த வாந்திபேதி அவருடைய சகோதரன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. தெருவோரத்திலே மனிதர் விழுந்து கிடந்ததைக் கண்ட பிள்ளை அதை ஒருநாளும் மறக்கவில்லை. அவருடைய பிற்கால முயற்சிகளில் ஓடிய கோபத்தின் ஊற்று இங்கேதான் இருக்கிறது.

1853இல் குடும்பம் லிமெரிக் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையை இழந்த அப்பிள்ளைகள் அங்கே கிறிஸ்தவ சகோதரர்களின் பாடசாலையில் படித்தனர். மாலுமியாக வேண்டும் என்பது ஜோனின் ஆசை. ஆனால் கண்பார்வை இடங்கொடுக்கவில்லை. 1858 ஜூன் மாதத்தில், தமது பதினேழாம் வயதில், அவர் அதே சகோதரர்களின் சபையில் சேர்ந்தார்.

சகோதரர் சபையில்

இச்சபையை நம் நாட்டில் நாம் நன்கறிந்த டி லா சால் சகோதரர் சபையோடு குழப்பிக்கொள்ளலாகாது. ஏழைச் சிறுவர்களின் கல்விக்காக 1802ஆம் ஆண்டு அயர்லாந்தின் வோட்டர்போர்ட் நகரில் எட்மண்ட் ரைஸ் என்னும் வணிகர் தொடக்கிய பணியிலிருந்து வளர்ந்த சபை இது. மனைவியை இழந்த அவர் தம் சொத்தையெல்லாம் இதற்கே கொடுத்தார். 1996இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்திற்று.

இளம் சகோதரர் ஹொலன்ட் கோர்க் நகரின் வட மடம் என வழங்கிய பாடசாலைக்குக் கற்பிக்க அனுப்பப்பட்டார். அங்கேதான் அவருக்கு நல்லாசான் ஒருவர் வாய்த்தார். ஜேம்ஸ் டொமினிக் பேர்க் என்னும் அச்சகோதரர், விஞ்ஞானத்தை ஏட்டில் மட்டும் படிப்பியாமல், மின்சாரத்தையும் இயந்திரங்களையும் மாணவரின் கையிலே கொடுத்துப் பழக்கியவர். இளைஞரின் கைத்திறனைக் கண்டு அவரை ஊக்குவித்தவர் அவரே. நீர்மூழ்கிக் கலமொன்றின் முதற் படங்களை ஹொலன்ட் வரைந்தது அந்த மடத்தில் இருந்த காலத்தில்தான்.

1862 மார்ச் மாதத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் மொனிற்றர், மெரிமாக் என்னும் இரு இரும்புக் கவசக் கப்பல்கள் முதன்முதல் மோதிக்கொண்டன. அச்செய்தியைப் பத்திரிகையில் படித்த இருபத்தொரு வயதுச் சகோதரரின் சிந்தை வேறு திசையில் ஓடிற்று. இனி மரக்கப்பல்களுக்குக் காலமில்லை. இரும்புக் கப்பல்களைக் கூட்டமாகக் கட்டப் பணமுள்ள நாடு இங்கிலாந்து. அப்படியானால் எளிய நாடொன்று அதை எப்படி எதிர்த்து நிற்கும்? நீரின் மேல் முடியாதென்றால் நீரின் கீழேதான் வழி உண்டு. இந்த எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று.

அடுத்து வந்த பத்தாண்டுகளில் அவர் அயர்லாந்தின் பல ஊர்களிலே கற்பித்தார். டிரோகெடாவிலும் டண்டோக்கிலும் இசையாசிரியராக அவருக்கு நல்ல பெயர் இருந்தது. தரையில் நடந்து, குளத்தில் நீந்தி, மூழ்கி, மறுபடி எழும்பும் இயந்திர வாத்து ஒன்றை அவர் செய்து மாணவரை மகிழ்வித்தார் என்பது சகோதரர்கள் மத்தியில் வழங்கி வந்த கதை. பின்னாளில் அவர் செய்தவற்றைப் பார்க்கும்போது நம்பக்கூடியதாகவே இருக்கிறது.

உடல்நலம் மட்டும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. 1873இல், நித்திய வார்த்தைப்பாடு கொடுக்குமுன், சபையை விட்டு விலகினார். மனக்கசப்பு எதுவுமின்றி விலகியவர் அவர். தம் சகோதரர்களையும் அவர்கள் கற்பித்த செபத்தையும் இறுதிவரை மதித்தே வாழ்ந்தார். தாயும் உடன்பிறந்தாரும் முன்னரே அமெரிக்கா போய்விட்டிருந்தனர். அவரும் கப்பலேறினார். அவரது பெட்டியில் உடுப்புகளோடு அந்தப் பழைய படங்களும் இருந்தன.

கால் முறிந்த குளிர்காலம்

பொஸ்ரன் நகரில் வந்திறங்கிய சில காலத்துக்குள், உறைபனி படிந்த தெருவில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். வேலையில்லை, கையிற் காசில்லை, எழுந்து நடக்கவும் முடியாது. இன்னொருவர் தம் விதியை நொந்திருப்பார். அவரோ கட்டிலில் கிடந்தபடியே கோர்க்கில் வரைந்த படங்களை எடுத்து, ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுத் திருத்தினார்.

குணமடைந்தபின் நியூ ஜேர்சி மாநிலத்தின் பற்றர்சன் நகருக்குச் சென்று, புனித அருளப்பர் பங்குப் பாடசாலையில் ஆசிரியரானார். பகலில் வகுப்பு, இரவில் படம். 1875இல் தமது திட்டத்தை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அதைப் பரிசீலித்த அதிகாரி, இப்படியொரு பெட்டிக்குள் இறங்க எவனும் உடன்படான் என்றும், நீருக்கடியில் திசையறிந்து ஓடுவது இயலாதென்றும் கருதி, கைவிடுமாறு புத்தி சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆற்றிலே முதற்படகு

அரசு கைவிட்டதை ஏற்க வேறொரு கூட்டம் இருந்தது. அமெரிக்காவில் குடியேறிய அயர்லாந்து மக்களிடையே, தாய்நாட்டின் விடுதலைக்காக இரகசியமாக இயங்கிய பீனியர் இயக்கம் அது. ஜோனின் தம்பி மைக்கல் அவ்வியக்கத்தைச் சேர்ந்தவர். 1876இல் நியூயோர்க்கின் கோனித் தீவுக் கரையில், சுருள்வில்லால் ஓடும் 30 அங்குல நீளமான மாதிரிக் கலமொன்றை ஹொலன்ட் இயக்கத் தலைவர்களுக்கு ஓட்டிக் காட்டினார். அவர்கள் பணம் கொடுக்க இசைந்தனர். அந்தப் பணமோ, கூலித் தொழிலாளரும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் தம் வாரச் சம்பளத்திலிருந்து சில்லறையாகச் சேர்த்துக் கொடுத்தது.

1878 மே மாதம் 22ஆம் திகதி, பற்றர்சன் நகரின் பசேக் ஆற்றில் முதற்படகு இறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 14 அடி. ஒரே ஒருவர் உள்ளே குந்தியிருக்கலாம். கரையில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது. படகு சற்று மிதந்து, பின்னர் எல்லாரும் பார்த்திருக்க அடியிலே போய் அமர்ந்துவிட்டது. வாத்தியாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று ஊரார் சிரித்திருப்பார்கள். அவர் படகை இழுத்தெடுத்துத் திருத்தினார். உள்ளிருந்த எண்ணெய் இயந்திரம் ஓட மறுத்தது. உடனே, அருகே சென்ற நீராவிப் படகிலிருந்து குழாய்மூலம் நீராவியைக் கொண்டுவந்து அதை ஓடச் செய்தார். ஜூன் மாதத்தில் தாமே உள்ளே ஏறி, மூடியைப் பூட்டி, 12 அடி ஆழத்துக்கு இறங்கினார். இன்னொரு முறை ஒரு மணி நேரம் வரை அடியிலே இருந்துவிட்டு எழும்பி வந்தார்.

அறிய வேண்டியதை அறிந்துகொண்டார். பயன்படக்கூடிய பாகங்களைக் கழற்றி எடுத்தபின், படகை அந்த ஆற்றிலேயே மூழ்கடித்துவிட்டார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1927இல், அந்நகரத்து இளைஞர்கள் சிலர் சேற்றிலிருந்து அதைத் தோண்டியெடுத்தனர். அது பற்றர்சன் நூதனசாலையிலே வைக்கப்பட்டுள்ளது.

மீனிடம் கற்ற பாடம்

அவர் அறிந்துகொண்டதுதான் யாது? அவருக்கு முன்னும் பலர் நீர்மூழ்கி கட்டியிருந்தனர். அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஜோர்ஜ் கரெட் என்னும் அங்கிலிக்கன் குருவானவர் ஒருவரும் இதில் ஈடுபட்டிருந்தார். 1879இல் அவர் கட்டிய கலத்துக்கு, மீண்டும் எழுவேன் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். மறு ஆண்டே அது வேல்ஸ் கரைக்கப்பால் மூழ்கிவிட்டது. அநேகர் தவறிய இடம் ஒன்றே. வாளியைக் கிணற்றில் இறக்குவதுபோல, கலத்தைப் பாரமாக்கி நேரே கீழே இறக்கிவிடலாம் என எண்ணினர். கலத்தினுள் பாதி நிறைந்த தொட்டியில் நீர் முன்னும் பின்னும் அலைமோத, கலம் தலைகீழாகிவிடும்.

ஹொலன்ட் ஓங்கில் மீனைப் பார்த்தார். அது கல்லைப்போல அமிழ்வதில்லை. தலையைச் சாய்த்து, வாலை அடித்து, ஓடும் வேகத்தினாலேயே கீழே போகிறது. வேகம் நின்றால் மேலே மிதந்துவிடும். அவ்வாறே தம் கலத்தையும் அமைத்தார். முழுகுமுன் அடித்தொட்டிகளை முற்றாக நிரப்பிவிட வேண்டும், அப்போது நீர் அலையாது. பாரத்தின் மையம் ஓரிடத்திலேயே நிற்க வேண்டும். அப்படியிருந்தும் கலம் நீரிலும் ஒரு சிறிதே இலேசாக இருக்க வேண்டும். பின்புறத்துச் சுக்கான் தகடுகளைச் சரித்தால் ஓட்டத்தின் விசை அதைக் கீழே செலுத்தும். இயந்திரம் நின்றுபோனால் கலம் தானாகவே மேலே வரும். உள்ளே இருப்பவனின் உயிருக்கு இதுவே பிணை.

ஆழமோ விளையாட்டல்ல. ஒவ்வொரு 33 அடிக்கும் நீரின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 15 இறாத்தல் வீதம் ஏறிக்கொண்டே போகும். அதனால் அவர் படிப்படியாகவே ஆழம் கூட்டினார். ஒவ்வொரு படியிலும் தாமே முதலில் இறங்கினார். ஐக்கிய அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் தம் வீட்டுக் கொட்டிலில் சிறு நீர்மூழ்கி கட்டிப் பழகும் ஆர்வலர் இன்றும் உண்டு. அவர்களுக்கும் பாடம் இதுவே. 2023 ஜூன் மாதத்தில் ரைற்றானிக் கப்பலின் சிதைவைக் காணச் சென்ற சிறு கலமொன்று அமுக்கம் தாங்காது நொறுங்கி ஐவர் மாண்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். கடல் அவசரக்காரரை மன்னிப்பதில்லை.

திருட்டுப்போன கலம்

முதற்படகின் வெற்றியைக் கண்ட பீனியர்கள் பெரிய கலமொன்றுக்குப் பணம் கொடுத்தனர். நியூயோர்க்கில் கட்டப்பட்டு 1881 மே மாதத்தில் நீரில் இறங்கிய அது, 31 அடி நீளமும் 19 தொன் நிறையும் கொண்டது. மூவர் ஓட்டுவர். 15 பரிவலு எண்ணெய் இயந்திரம் ஒன்றும், அமுக்கிய காற்றினால் குண்டெறியும் நீண்ட குழாய் ஒன்றும் அதில் இருந்தன. செலவு ஏறக்குறைய 20,000 டொலர். ஹொலன்ட் அதற்குப் பெயர் எதுவும் சொல்லாமல் மறைத்தபடியால், பத்திரிகை நிருபர் ஒருவர் தாமாகவே பீனியரின் முட்டுக்கடா எனப் பொருள்படும் பெயரொன்றை இட்டு எழுதினார். அப்பெயரே நிலைத்தது. அதன் குழாயைப் பரிசோதிக்க வெற்றுக் குண்டுகள் கொடுத்துதவியவர் ஜோன் எரிக்சன். இளம் சகோதரரின் கற்பனையைக் கிளறிய மொனிற்றர் கப்பலை வடிவமைத்தவர் அவர்தான்.

நியூயோர்க் துறைமுகத்தின் நீரில் இரண்டு ஆண்டுகள் அக்கலம் மூழ்கி எழும்பியது. 60 அடி ஆழம் வரை சென்றது. ஆனால் பணம் கொடுத்தவர்களுக்குள்ளே பிணக்கு மூண்டது. சேர்த்த நிதி யாருக்கு உரியதென்று நீதிமன்றம் வரை போகும் நிலை. 1883 நவம்பர் மாதத்து இரவொன்றில், இயக்கத்தினர் சிலர் ஹொலன்டின் கையொப்பத்தைப் பொய்யாக இட்ட பத்திரத்தைக் காவலனிடம் காட்டி, கலத்தையும், அதனோடு நின்ற 16 அடி நீளமான சிறு கலத்தையும் இழுவைப் படகிற் கட்டிக்கொண்டு போயினர். சிறியதின் மூடியைச் சரியாகப் பூட்டாததால் அது வழியிலேயே மூழ்கிற்று. பெரியதை நியூ ஹேவன் துறைக்குக் கொண்டுசென்று ஓட்டிப் பார்த்தனர். ஓட்டத் தெரியாதவர்களின் கையில் அது மற்றக் கப்பல்களுக்கு ஆபத்தாகவே, துறைமுக அதிகாரி தடைவிதித்துவிட்டார். இறுதியில் ஒரு கொட்டிலுக்குள் தள்ளிப் பூட்டிவிட்டனர்.

ஹொலன்ட் அதைத் திருப்பிக் கேட்கவில்லை, வழக்கும் போடவில்லை. அந்த மனிதரோடு தமக்கிருந்த தொடர்பை மட்டும் ஒரேயடியாக அறுத்துக்கொண்டார். எதிரியின் கையால் அல்ல, தம்மவர் கையாலேயே தம் உழைப்பை இழந்தவரின் வேதனையை அவர் வாய்விட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. அக்கலமும் இப்போது பற்றர்சன் நூதனசாலையில், அதன் முன்னோடியின் பக்கத்திலே நிற்கிறது.

பாலைவன ஆண்டுகள்

அதன்பின் வந்தது நெடிய வறட்சி. 1885இல் ஓர் இராணுவ அதிகாரியோடு சேர்ந்து கட்டிய மரக்கலம், நீரில் இறக்கும்போதே சேதமடைந்தது. 1887 ஜனவரியில் மார்கரெட் போலி என்னும் பெண்ணை மணந்தார். குடும்பம் பெருகிற்று, வருமானம் பெருகவில்லை. அமெரிக்கக் கடற்படை 1888இலும் அடுத்த ஆண்டும் நீர்மூழ்கித் திட்டங்களுக்குப் போட்டி வைத்தது. முன்னே நின்ற திட்டம் அவருடையதே. ஆனால் இரண்டு தடவையும் பணம் வேறு தேவைக்குப் போய்விட்டது. ஒரு காலத்தில் அவர் படம் வரைபவராக நாட்கூலிக்கு வேலை செய்யவும் நேர்ந்தது. அந்த ஓய்விலும் மூளை ஓயவில்லை. பறக்கும் இயந்திரத்தைப் பற்றிக் கணக்கிடத் தொடங்கினார். ரைற் சகோதரர் பறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலம் அது.

1893இல் எலைஹு புறொஸ்ற் என்னும் சட்டத்தரணியின் துணையோடு கம்பனியொன்று உருவாயிற்று. 1895இல், ஈற்றில், 200,000 டொலருக்கு அரசு ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் கடற்படைப் பொறியியலாளர் தம் விருப்பப்படி பலவற்றைத் திணித்தனர். நீராவி இயந்திரம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றனர். நீராவிக் கொதிகலனை அடைத்த பெட்டிக்குள் மனிதர் எப்படி இருப்பர்? பரீட்சையில் உள்ளறை அடுப்பாகிவிட்டது. அது உருப்படாதென்பதை முன்பே உணர்ந்த ஹொலன்ட், கம்பனியின் சொந்தப் பணத்தில், எவருடைய குறுக்கீடும் இல்லாமல், தம் மனதுக்கேற்ற கலமொன்றைக் கட்டத் துணிந்தார். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து.

புனித பத்திரிசியார் திருநாளன்று

இது அவருடைய ஆறாவது கலம். 1897 மே மாதம் 17ஆம் திகதி நியூ ஜேர்சியின் எலிசபெத்துறையில் இறக்கப்பட்டது. நீளம் 53 அடி 10 அங்குலம். நீரின் மேலே ஓட 45 பரிவலு பெற்றோல் இயந்திரம், கீழே ஓட மின்கலங்களால் இயங்கும் மோட்டர். மேலே ஓடும்போதே அந்த மின்கலங்களை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். அணுசக்தி வரும்வரை, அடுத்த அரை நூற்றாண்டு உலகெங்கும் கட்டப்பட்ட நீர்மூழ்கிகள் பெரும்பாலும் பின்பற்றியது இந்த ஏற்பாட்டைத்தான்.

அதற்கும் சோதனை வந்தது. அக்டோபர் மாதத்தில் வேலையாள் ஒருவன் வால்வு ஒன்றைத் திறந்து விட்டுவிட்டுப் போக, கலம் துறையிலேயே மூழ்கிப் பதினெட்டு மணி நேரம் கிடந்தது. மின் இயந்திரமெல்லாம் உப்புநீரில் ஊறிப்போயின. மோட்டரைச் செய்த கம்பனி அனுப்பிய பிராங்க் கேபிள் என்னும் இளைஞர், மின்னோட்டத்தை எதிர்ப்புறமாகச் செலுத்தி, அந்தச் சூட்டினாலேயே அவற்றை உலர்த்திக் காப்பாற்றினார்.

1898 மார்ச் மாதம் 17ஆம் திகதி. அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பத்திரிசியாரின் திருநாள். ஸ்ரற்றன் தீவுக்கு அப்பால் ஹொலன்ட் தம் கலத்தை முதற்தடவையாக நன்கு முழுகச் செய்து, ஓட்டி, எழுப்பினார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் மடத்தில் வரைந்த படம் அன்று உயிர்பெற்றது. அப்போது கடற்படை உதவிச் செயலாளராயிருந்து பின்னர் சனாதிபதியான தியோடோர் ரூஸ்வெல்ற், அதை வாங்கும்படி அடுத்த மாதமே சிபார்சு செய்தார். கடற்படை இன்னும் இரண்டு ஆண்டுகள் தயங்கிற்று. 1900 ஏப்ரல் மாதம் 11ஆம் திகதி 150,000 டொலருக்கு வாங்கிக்கொண்டது. கட்டச் செலவானதோ அதற்கும் அதிகம். அமெரிக்க நீர்மூழ்கிப் படை தன் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுவது அந்தத் திகதியையே.

1899இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தாபகரான கிளாரா பார்ட்டன் அம்மையார் அக்கலத்தைக் காண வந்து, அதில் ஏறியும் பார்த்தார். போர்க்களங்களில் காயப்பட்டோருக்குத் தொண்டு செய்து முதிர்ந்தவர் அவர். இத்தகைய கொலைக்கருவியை ஏன் செய்தீர் என்று கண்டித்துக் கேட்டார். இதன் பயங்கரத்தைக் கண்டு நாடுகள் போரையே கைவிட்டுவிடும் என்பது ஹொலன்ட் கொடுத்த மறுமொழி. அவர் அதை மனதார நம்பினார்.

பெயரும் பறிபோன கதை

வெற்றி வந்ததும் வேறு கைகள் நீண்டன. கம்பனியின் கடன்களைத் தாங்க முன்வந்த ஐசாக் ரைஸ் என்னும் மின்கல வணிகர், 1899இல் அதை இலெக்றிக் போட் என்னும் புதிய கம்பனிக்குள் சேர்த்துக்கொண்டார். ஹொலன்டின் காப்புரிமைகள் யாவும் அதன் சொத்தாயின. அவரோ சம்பளக்காரராயினர்.

கலம் வாங்கப்பட்ட அதே 1900ஆம் ஆண்டில், ரைஸ் இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பனியோடு உடன்பாடு செய்தார். 1901 அக்டோபர் 2ஆம் திகதி பிரித்தானியக் கடற்படையின் முதலாவது நீர்மூழ்கி நீரில் இறங்கிற்று. அதன் பெயர் ஹொலன்ட் 1. பஞ்சத்தில் மக்களைக் கைவிட்ட அரசின் கடற்படையை எதிர்க்கவென்று, கூலிக்காரரின் சில்லறையில் முளைத்த கனவு, அதே கடற்படையின் கையில் போய்ச் சேர்ந்தது. அக்கலம் 1913இல் உடைப்பதற்கு இழுத்துச் செல்லப்பட்டபோது மூழ்கி, 1982இல் மீட்கப்பட்டு, கொஸ்போர்ட் நூதனசாலையில் இருக்கிறது.

கம்பனியில் அவர் சொல்லுக்கு மதிப்புக் குறைந்துகொண்டே வந்தது. அவர் வரைந்ததை மற்றவர் திருத்தினர். 1904 மார்ச்சில் விலகினார். புதிதாகத் தாமே ஒரு கம்பனி தொடங்கினார். உடனே பழைய கம்பனி வழக்குத் தொடுத்தது. காப்புரிமை மட்டுமல்ல, நீர்மூழ்கிக்கு ஹொலன்ட் என்ற பெயரை இடும் உரிமையும் தங்களுடையதே என்று வாதாடினர். தந்தை வைத்த பெயரையே பாவிக்க அவருக்குத் தடை! நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்கவில்லை. ஆனால் அதற்குள் பணம் போட இருந்தவர்கள் அஞ்சி ஓடிவிட்டனர். ஜப்பானுக்கு அவர் வரைந்து கொடுத்த படங்களின்படி இரு கலங்கள் கட்டப்பட்டன. அந்நாட்டு மன்னர் உதயசூரிய விருது அளித்து அவரைக் கனம்பண்ணினார். அவர் வாழ்ந்த நாடோ அவரை மறந்துகொண்டிருந்தது.

அந்தத் தனிமையில் அவர் செய்த கடைசிக் கண்டுபிடிப்பைக் கவனிக்க வேண்டும். சேதமடைந்த நீர்மூழ்கியிலிருந்து மாலுமிகள் உயிர்தப்பி மேலே வர உதவும் கருவி அது. கலத்தைக் கட்டியவரின் மனம் ஈற்றில் கலத்துக்குள் அகப்பட்ட மனிதனிடம் போய் நின்றது.

ஓய்ந்த கண்களும் விழித்த ஆழமும்

1914 ஆகஸ்ட் மாதம் 12ஆம் திகதி, நியூ ஜேர்சியின் நியூவார்க் நகரில், நியுமோனியாக் காய்ச்சலால் ஹொலன்ட் காலமானார். வயது எழுபத்து மூன்று. ரொற்றோவாவிலுள்ள கத்தோலிக்க சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். ஐரோப்பாவில் முதலாம் உலகப்போர் மூண்டு இரண்டு வாரமே ஆகியிருந்தது. பத்திரிகைகளில் அவர் மரணத்துக்கு இடமில்லாத நேரம்.

அவர் அடங்கி ஆறு வாரத்துக்குள், செப்டெம்பர் 22ஆம் திகதி, ஒரேயொரு ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று பிரித்தானியப் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. 1,400க்கு மேற்பட்டோர் இறந்தனர். 1915 மே மாதம் 7ஆம் திகதி, பயணிகள் கப்பலான லுசித்தானியா ஏறக்குறைய 1,200 உயிர்களோடு அமிழ்ந்தது. அது நடந்த இடம் அயர்லாந்தின் கோர்க் மாகாணக் கரைக்கு அப்பால். இளம் சகோதரர் தம் முதற் படத்தை வரைந்த மடமும் அதே மாகாணத்தில்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத எதிரியைக் காதால் கண்டுபிடிக்க, விஞ்ஞானிகள் நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்கத் தொடங்கினர். இன்று திமிங்கிலத்தின் பாட்டையும் கடலடி எரிமலையின் முழக்கத்தையும் கேட்க உதவும் கருவி, போரில் அப்படி வளர்ந்ததே.

பயங்கரமான ஆயுதம் போரை நிறுத்திவிடும் என்ற ஹொலன்டின் நம்பிக்கை பொய்த்தது. அவருக்குப் பின்னும் எத்தனையோ பேர் அதையே சொல்லி எத்தனையோ ஆயுதங்களைச் செய்துவிட்டனர். ஆயுதத்தின் கொடுமை மனிதனை நல்லவனாக்கியதாக வரலாற்றில் இல்லை. கிளாரா அம்மையாரின் கேள்விதான் இன்னும் மறுமொழிக்குக் காத்து நிற்கிறது.

ஆனாலும் அந்த மனிதரை நாம் எளிதிற் தீர்ப்பிட்டுவிடலாகாது. பட்டினி கிடந்த மக்களின் கண்ணீரிலிருந்து புறப்பட்டவர் அவர். தம் கலத்துக்குள் பிறரை அனுப்புமுன் தாமே இறங்கியவர். திருடினவர்களையும் ஏய்த்தவர்களையும் பழிவாங்க ஒரு நாளைக்கூட வீணாக்காதவர். குறைந்த பார்வை, முறிந்த கால், ஒழுகிய படகு, பொய்க் கையொப்பம், ஏளனம் இவை ஒன்றும் அவரை மேசையிலிருந்து எழுப்பவில்லை. நம் வீடுகளிலும் பழைய வானொலியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டும், தகரத்தில் வள்ளம் செய்து குளத்தில் விட்டுக்கொண்டும் இருக்கும் பிள்ளைகள் உண்டு. படிப்பைக் கெடுக்கிறான் என்று அதைப் பறித்தெறியுமுன், சகோதரர் பேர்க்கைப்போல் ஒரு வார்த்தை ஊக்கம் கொடுப்போம். கூடவே, செய்யப்போகும் பொருள் யாருடைய கைக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்று கேட்கவும் அப்பிள்ளைக்குப் பழக்கிவிடுவோம். கைத்திறனை ஆசிரியர் கற்றுக்கொடுத்துவிடலாம். இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வரவேண்டும்.